மேல் லைன் ஸ்பீக்கர்

குன்னூரில் கிழிந்துபோன ஸ்பீக்கர்களைவிட ஊறிப்போன ஸ்பீக்கர்கள்தான் அதிகம். மழையில் நனைந்திருக்க வேண்டும் என்பதில்லை. பூட்டிய அலமாரிக்குள் வைத்த டேப் ரிக்கார்டருக்குள்ளும் மஞ்சு புகுந்துவிடும். காகிதக் கோனில் பூஞ்சை பூக்கும். காந்தத்துக்கும் காயில் என்ற கம்பிச்சுருளுக்கும் நடுவே உள்ள மயிரிழைச் சந்தில் துரு ஏறும். அதற்குப் பிறகு அது பாடாது, கனைக்கும்.

அதனால் மருதாசலத்தின் கடைக்குள் எது வந்தாலும் முதல் வைத்தியம் கணப்புதான். கடை என்பது மேல் பஜாரின் பின்சந்தில் ஒரு தையற்கடையை ஒட்டிய ஒற்றை அறை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும், சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதற்கு முன்பே, கரிச்சட்டியைப் பற்றவைப்பார். டிவிப் பெட்டியோ, சர்ச்சு ஸ்பீக்கரோ, கல்யாண மைக்செட்காரரின் குழாய் ஸ்பீக்கரோ, எதுவானாலும் சட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து குளிர் காய்ந்தாக வேண்டும். "மொதல்ல ஈரம் வாங்கட்டும். அப்புறம் என்ன நோவுன்னு கேக்கலாம்" என்பார். எதிரே டீக்கடை வைத்திருந்த மயில்சாமி, "கணப்பு மட்டும் போதுங்களா, ஸ்பீக்கருக்கு ஒரு டீயும் போடட்டுங்களா?" என்று அங்கிருந்தபடியே கேட்பார்.

ஈரம் போன பிறகு சோதனை. ஒரு டார்ச் செல்லிலிருந்து இரண்டு வயர் எடுத்து ஸ்பீக்கரின் முனைகளில் தொடுவார். 'டப்' என்று துடித்தால் உயிர் இருக்கிறது. துடிக்காவிட்டால் உள்ளே காயில் அறுந்திருக்கிறது. துடித்தும் கரகரத்தால், இரண்டு கட்டைவிரல்களையும் கோனின் மேல் எதிரெதிரே வைத்துப் பூப்போல அழுத்துவார். காயில் காந்தத்தில் உரசினால் மணலில் செருப்பை இழுப்பதுபோல விரல்நுனியில் தெரியும். மீட்டரை எடுப்பது கடைசியில்தான், வந்தவர் திருப்திக்காக. மருதாசலம் பார்த்து அனுப்பியது மறுபடி கடைக்கு வராது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. வராமல் இருந்திருந்தால் நல்லது.

அவருடைய அப்பா நல்லசாமி அரவங்காட்டில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். மருதாசலத்துக்குக் கீழே ஒரு தங்கை, வேணி. அவள் ஏழுமலையைக் கட்டிக்கொண்டாள். ஏழுமலை கோத்தகிரி ரோட்டில் ஒரு எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டுகிறவர். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், வேறு சாதி. நல்லசாமி மகளை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. காரமடையிலிருந்து வந்திருந்த பங்காளிகள் முன்னால் ஒரே ஒரு சொல் சொன்னார்: "அந்த ஊட்டுல நம்ம சனம் யாரும் கை நனைக்கப்படாது." பிறகு அவர் இறந்தும் போனார். சொல் மட்டும் இறக்கவில்லை.

மருதாசலம் கெட்டவர் இல்லை. தங்கையோடு பேச்சை அறுத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்குச் சேலை போகும். பஜாருக்கு வந்தால் அவள் கடைக்கு வந்து அண்ணனைப் பார்க்காமல் போகமாட்டாள். ஆனால் எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் இருந்த அவளுடைய லைன் வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஓர் இரவு படுத்ததில்லை. "அப்பன் பேச்சைக் காப்பாத்தறவன்" என்று காரமடையில் அவருக்கு இருந்த நல்ல பெயரை இழக்க அவருக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

"செத்தவரு வந்து பாத்துட்டா இருக்காரு?" என்று அவர் மனைவி புஷ்பவல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "நாத்தனா ஊட்டுச் சோத்துல என்ன விசமா இருக்குது?"

"உனக்குச் சொன்னாப் புரியாது" என்பார் அவர். அவருக்கும் அது முழுதாகப் புரிந்திருந்ததில்லை.

வேணிக்கு எஸ்டேட்டில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். அவர்கள் வருவதற்கு முன்பே அவள் போய்க் கதவைத் திறந்து, அடுப்பு மூட்டி, பால் காய்ச்ச வேண்டும். வீடு இருந்ததோ மலைமேட்டில், மேல் லைனில். காப்பகமும் கோயிலும் கீழே. இரண்டுக்கும் நடுவே தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை. ஊரே போர்வைக்குள் இருக்கும்போது அந்தப் பாதையில் முதல் ஆளாக இறங்குகிறவள் வேணிதான்.

அந்த வருஷம் ஓர் ஒற்றைக் காட்டெருமை அங்கே தங்கிப்போயிற்று. கூட்டமாக வருபவை மனிதரைப் பார்த்தால் ஒதுங்கிவிடும். கூட்டத்திலிருந்து விலகிய கிழட்டுக் கடா அப்படியில்லை. மஞ்சுக்குள் பாறைபோல அசையாமல் நிற்கும், பக்கத்தில் போனபிறகுதான் பாறை மூச்சுவிடுவது தெரியும். ஒரு வாட்ச்மேனின் விலாவை அது ஏற்கெனவே உடைத்திருந்தது. செல்போனுக்கு அந்தப் பள்ளத்தில் டவர் கிடையாது. எனவே லைன்காரர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். கோயில் மைக்கிலிருந்து மேல் லைன்வரை வயர் இழுத்து, அங்கே ஒரு கற்பூர மரக் கம்பத்தின் உச்சியில் இரண்டாவதாக ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கந்தப்பன் விடியற்காலையில் டார்ச்சோடு ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மாடு தென்பட்டால் எங்கே நிற்கிறது என்று மைக்கில் சொல்வார்.

தீபாவளிக்கு முன்பு அந்த மேல்குழாய் ஒரு நாள் சுத்தமாக நின்றுபோயிற்று. கந்தப்பன் அதன் பின்பக்க யூனிட்டைக் கழற்றி, பையில் போட்டுக்கொண்டு, மருதாசலத்தின் கடைக்கு வந்தார்.

"உங்க தங்கச்சி உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லிட்டாங்க. வேற யாருகிட்டக் குடுத்தாலும் எனக்குக் காப்பகத்துப் பாலு கெடையாதாம்."

மருதாசலம் யூனிட்டைக் கணப்பருகே வைத்தார். ஈரம் போனதும் திறந்தார். காந்தச் சந்தில் துரு. அதிர்ந்து ஒலி எழுப்பும் டயாப்ரத்திலிருந்து வரும் மெல்லிய செம்புக்கம்பி முனையில் விட்டிருந்தது. துருவை ஒட்டுத்தாளால் ஒற்றி எடுத்து, கம்பியை ஈயத்தால் சால்டர் வைத்து, அது ஆடாமல் இருக்க மேலே ஒரு சொட்டு அரக்கு பூசினார். செல்லைத் தொட்டார். டப்.

"டயாப்ரம் புதுசே போட்டுறலாங்களே?" என்றார் கந்தப்பன்.

"இது கம்பெனி டயாப்ரம். இப்ப வர்ற டூப்ளிகேட்டைப் போட்டா உங்க கொரலு தகர டப்பால கல்லு போட்ட மாதிரி இருக்கும்."

"இப்பவே அப்படித்தாங்க இருக்குது. அதுக்கு ஸ்பீக்கரைக் குத்தஞ் சொல்ல முடியாது" என்று சிரித்துவிட்டுப் போனார் கந்தப்பன்.

தீபாவளி முடிந்து வானம் வெளுத்தது. விடியற்காலைக் குளிர் கடிக்க ஆரம்பித்தது. கந்தப்பன் மறுபடி பையோடு வந்தார்.

"ஏனுங்க, இது உங்க கடை ஸ்பீக்கரா, எங்க ஊரு ஸ்பீக்கரா? இங்க வந்தாக் குயிலாட்டம் பாடுது. அங்க வந்தா மாமியாளைக் கண்ட மருமகளாட்டம் வாயே தொறக்க மாட்டீங்குது."

மருதாசலம் யூனிட்டைக் கணப்பருகே வைத்தார். சூடேறியது. செல்லைத் தொட்டார். டப். மீட்டர் வைத்தார். முள் சரியான இடத்தில் போய் நின்றது. ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பாட்டுப் போட்டார். எதிர்க்கடையில் மயில்சாமி காதைப் பொத்திக்கொண்டார்.

"இதுல ஒண்ணுமில்லீங்களே."

"சாயங்காலம் பாட்டுப் போட்டா அங்கயும் பாடுதுங்க. விடியக்காலைல கூப்புட்டாத்தான் ஊமை."

"விடியக்காலைல பனித்தண்ணி வயர் ஜாயிண்ட்டுல எறங்கியிருக்கும். இல்லாட்டி உங்க தேயிலை ஃபேக்டரி மோட்டார் போட்டதும் வோல்டேஜ் விழும்."

"கோயில்ல இருக்கற கீழ்க்கொழாய் மட்டும் பேசுதுங்களே."

"அது ஆம்ப்ளி பக்கத்துல. இதுக்கு எத்தனை தூரம் வயர் போவுது, பாத்தீங்களா."

சொன்ன பதில் தவறில்லை. இப்படி வந்த எத்தனையோ குழாய்களுக்கு அதுதான் பதிலாக இருந்தது. யூனிட்டின் மூடியைச் சுற்றித் தண்ணீர் புகாமல் பசை அடைத்து அனுப்பினார். கந்தப்பன் சொன்னதிலேயே நோய் முழுவதும் இருந்தது. மாலையில் பாடுகிறது, விடியலில் ஊமை. அந்தச் சொல்லை அவர் ஈரம் என்று கேட்டார். ஈரத்தைத் தவிர வேறெதையும் கேட்காதபடி அந்த ஊர் அவர் காதைப் பழக்கியிருந்தது.

சில நாள் கழித்து வேணியே வந்தாள். தோளில் காப்பகத்துக்கு வாங்கிய பால்பவுடர்ப் பை. பெஞ்சில் சர்ச்சு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கணப்பில் காட்டினாள்.

"நீங்களே ஒருக்கா வந்து பாருங்கண்ணா. இப்பப் பொம்பளைங்கெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து தகரம் தட்டிக்கிட்டே எறங்கறோம். அவிங்களுக்கு என்னால இருட்டு நேரத்துலயே எந்திரிக்க வேண்டியிருக்குது. ஒவ்வொருத்தி மொணகற மொணகல் இருக்குதே, மாடே பரவால்லைங்கற மாதிரி ஆயிருது."

"வர்றேன் அம்மிணி."

"வந்தா சாயங்காலமா வாங்க. ராத்திரி தங்கிட்டு விடியக்காலைல பாத்தாத்தான் தெரியும்." சொல்லிவிட்டு அவள் கரியைக் கிளறினாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"பகல்லயே பாத்தாப் போதும். வயர்தானே" என்றார் அவர்.

உச்சி வெயிலில் போனார். ஏணி வைத்துக் கம்பத்தில் ஏறினார். சாம்பல் பூச்சு அடித்த குழாய் வெயிலில் தொடமுடியாமல் சுட்டது. வழிநெடுக வயர் ஜாயிண்டுகளை அறுத்துப் புதிதாக முறுக்கி, டேப் சுற்றினார். கீழே கந்தப்பன் மைக்கில் "ஹலோ, ஹலோ, மருதாசலத்துக்குக் கேக்குதுங்களா, மருதாசலத்துக்குக் கேக்குதுங்களா" என்று கூப்பிட, குழாய் பள்ளத்தாக்கு முழுக்க அவர் பெயரைச் சொன்னது. லைன் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

வேணி வரக்காப்பி கொண்டுவந்தாள். அவர், "இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல குடிச்சேன் அம்மிணி" என்றார்.

"தண்ணியாவது?"

"பையில பாட்டில் இருக்குது."

அவள் டம்ளரைத் திருப்பிக் கொண்டுபோய் ஏழுமலையிடம் கொடுத்தாள். ஏழுமலை அதைக் குடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் மருதாசலத்தை எந்த முறை வைத்தும் அழைத்ததில்லை. "வாங்க" என்பார், "போய்ட்டு வாங்க" என்பார். நடுவில் வரவேண்டிய சொல்லை விழுங்கிவிடுவார்.

புறப்படும்போது பெண்களில் ஒருத்தி, ஆயம்மாள், கேட்டாள்: "ஏனுங்க, இனி இதை நம்பலாங்களா? நாங்க தகரம் தட்டறதை நிறுத்தலாமா, வேண்டாமா? சொல்லிப்போட்டுப் போங்க."

"நிறுத்திக்கலாம்" என்றார் மருதாசலம். "சத்தம் வந்தா நின்னு கேளுங்க. வராட்டி எறங்குங்க."

"எங்கண்ணன் கை வெச்சா அவ்வளவுதான்" என்றாள் வேணி.

அன்று மாலையே வானம் மூடிக்கொண்டது. கடலில் எங்கோ புயல் சின்னம் என்று டிவியில் சொன்னார்கள். நாள் தவறாமல் தூறலும் மூட்டமும். மலையில் மூட்டம் இருக்கும்வரை குளிர் கடிக்காது. பகலும் இரவும் ஒரே மாதிரி நசநசத்துக் கிடக்கும். அந்த நாட்களில் மாடு தென்பட்ட விடியலிலெல்லாம் மேல்குழாய் பேசியது. 'ஃபேக்டரிப் பக்கம் நிக்குது, மேல் லைன் எறங்கலாம்' என்றும், 'குறுக்குப் பாதையில இருக்குது, யாரும் எறங்காதீங்க' என்றும் சொல்லிற்று. பெண்கள் தகர டப்பாக்களை ஆணியில் மாட்டினார்கள். அதிகாலைத் தூக்கம் திரும்பக் கிடைத்ததற்கு வேணியின் அண்ணனை வாழ்த்தினார்கள். கந்தப்பன் பஜாருக்கு வந்தபோது, "பேச ஆரம்பிச்ச ஸ்பீக்கரு நிறுத்த மாட்டீங்குது, ஊட்டுக்காரியாட்டம்" என்றார். மருதாசலத்துக்கு மனம் குளிர்ந்தது.

பிறகு வானம் வெளுத்தது. ஒரே இரவில் மூட்டம் கலைந்து நட்சத்திரம் தெரிந்தது. மறுநாள் கடைக்கு வரும் வழியில் குதிரைப் பந்தய மைதானத்தின் புல் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வருஷத்தின் முதல் உறைபனி. கரிச்சட்டியை ஊதிக்கொண்டிருந்தபோது கடை போன் அடித்தது. எஸ்டேட் ஆபீசிலிருந்து கந்தப்பன்.

"மருதாசலம்."

"சொல்லுங்க."

"வேணிங்க."

என்ன ஆயிற்று என்று மருதாசலம் கேட்கவில்லை. கேட்காவிட்டால் அது நடந்திருக்காது என்பதுபோல நின்றார்.

"குறுக்குப் பாதைத் திருப்பத்துல நின்னுச்சுங்க. நான் பாத்துட்டு ஓடிவந்து மைக்குல கத்துனேன். திருப்பித் திருப்பிக் கத்துனேன். எனக்குக் கீழ்க்கொழாய் கேக்குது, மேலயும் கேக்கும்னுதானே நான் நெனைப்பேன்."

மருதாசலம் போய்ச் சேர்ந்தபோது வேணியின் உடலை ஜீப்பில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வழியில் எதிரே கடந்து போயிருக்க வேண்டும். பரிசோதனை முடித்து மறுநாள்தான் தருவார்கள் என்றார்கள். காப்பகத்தின் கதவு பூட்டியே இருந்தது. வாசலில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆயம்மாள் அவரைப் பார்த்தாள், பிறகு கம்பத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

அன்று இரவு அவர் வேணியின் வீட்டில் தங்கினார். தங்காமல் எப்படிப் போவது? காரமடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. புஷ்பவல்லி வந்து, ஆயம்மாள் வடித்துக் கொடுத்த கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிங்க" என்றாள் அவள். "இனி யாருக்குப் பயந்துக்கிட்டு."

குடித்தார். தொண்டையில் இறங்கியது. கஞ்சி கஞ்சியாகத்தான் இருந்தது.

விடிவதற்குள் எழுந்து வெளியே வந்தார். கூரைத் தகரத்தில் பனி உப்புத் தூவியதுபோலக் கிடந்தது. மூச்சு புகையாக வந்தது. பள்ளத்தில் கோயில் விளக்கு எரிந்தது. கந்தப்பன் மைக்கைத் தட்டுவது, காற்று இந்தப் பக்கம் வீசியபோது மட்டும், கீழ்க்குழாய் வழியே எங்கோ தூரத்தில், கம்பளிக்கு அடியில் பேசுவதுபோலக் கேட்டது. தலைக்குமேலே மேல்குழாய் ஊமையாக இருந்தது.

ஏணி சுவரோரம் கிடந்தது. எடுத்துச் சாய்த்து ஏறினார். குழாயைத் தொட்டதும் கை ஒட்டிக்கொண்டது, அவ்வளவு குளிர். வயர் முனையை அசைத்தார். ஒன்றுமில்லை. ஜாயிண்ட் காய்ந்திருந்தது, ஒரு துளி ஈரம் இல்லை. குளிர் மட்டும்தான் இருந்தது. இரண்டு கைகளாலும் யூனிட்டை மூடிப் பிடித்தார். போதாமல், சால்வையை அவிழ்த்து அதன்மேல் போட்டு, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். குழந்தையை அணைப்பதுபோல அந்த இரும்பை அணைத்தபடி ஏணியில் நின்றார். கீழே கந்தப்பன் பேசிக்கொண்டே இருந்தார். நெஞ்சின் சூடு இரும்புக்குள் இறங்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு, ஒரு வாக்கியத்தின் நடுவில், குழாய் அவர் முகத்துக்குப் பக்கத்தில் வாய் திறந்தது.

"...வேணி அம்மா அவர்களின் நல்லடக்கம் இன்று பிற்பகல். மாடு இன்னும் மேல்காட்டுலதான் நிக்குது. யாரும் தனியா எறங்காதீங்க."

பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. நாய்கள் குரைத்தன. லைனில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

மருதாசலம் யூனிட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். ஏழுமலையின் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, வாசலில் குந்தி, அடைத்திருந்த பசையைச் சுரண்டித் திறந்தார். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அரக்குச் சொட்டை நகத்தால் பெயர்த்தார். அதற்கு அடியில், அவர் வைத்த சால்டருக்கு ஒரு நெல்லளவு தள்ளி, செம்புக்கம்பியில் ஒரு விரிசல். முடியைவிட மெல்லியது. குளிரில் கம்பி சுருங்கும்போது அது பிரிகிறது. சூட்டில் நீளும்போது ஒட்டிக்கொள்கிறது. வெயிலில் ஒட்டிக்கொண்டது. கணப்பருகே ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் முதலில் அதைச் சூடுபண்ணி, நோயை ஒளித்துவைத்துவிட்டு, பிறகு நோய் எங்கே என்று தேடியிருக்கிறார்.

ஏழுமலை பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னன்னு தெரிஞ்சிச்சா?"

"குளிருல விட்டுப்போவுது. சூட்டுல ஒட்டிக்குது." நகத்தில் ஒட்டிய அரக்கைத் துடைத்துவிட்டு, "விடியக்காலைல பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

ஏழுமலையின் குரலில் கோபம் இல்லை. "அதான் அவ சொன்னா மச்சான். ராத்திரி தங்கிப் பாருங்கன்னு."

மச்சான் என்ற சொல் அப்போதுதான் வந்தது. அதற்கு மருதாசலம் திருப்பிச் சொல்ல வேண்டிய முறைச்சொல் ஒன்று இருந்தது. அவர் வாயைத் திறந்தார். வரவில்லை.

"நேத்துப் போறப்பக் கதவுகிட்ட நின்னு காதுகுடுத்துக் கேட்டா" என்றார் ஏழுமலை, யாரிடமோ சொல்வதுபோல. "தகரத்தை எடுத்துட்டுப் போ புள்ளேன்னு படுத்துக்கிட்டே சொன்னேன். சத்தம் வரலை, அப்ப மாடு இல்லை, எங்கண்ணன் சொல்லியிருக்குதுன்னு சொல்லிட்டு எறங்கிட்டா."

பிற்பகலில் அவளைத் தேயிலைக்கு நடுவே இருந்த லைன்காரர்களின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். காரமடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மயானத்தோடு திரும்பிவிட்டார்கள். வீட்டுப் பக்கம் வரவில்லை.

கடைக்குத் திரும்பியதும் மருதாசலம் யூனிட்டுக்குப் புது டயாப்ரம் போட்டார். கணப்பருகே வைக்கவில்லை. இரவு முழுக்கத் தன் வீட்டுக் கூரைத் தகரத்தின்மேல் பனியில் கிடத்தி, விடியலில் விறைத்த விரலோடு செல்லைத் தொட்டார். டப். அடுத்த இரவும் கிடத்தினார். டப். அதற்கடுத்த இரவும். புஷ்பவல்லி ஜன்னல் வழியே பார்த்தாள், கூப்பிடவில்லை. இப்போது அது எந்தக் குளிரிலும் பேசும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன?

காரியத்துக்கு முந்தின நாள் போய்க் குழாயில் மாட்டினார். அன்று இரவும் அங்கேயே படுத்தார். விடியலில் உறைபனி. கந்தப்பனின் குரல் கம்பத்திலிருந்து தெளிவாக வந்தது, கல்லும் தகரமும் போல கரகரவென்று, ஆனால் ஒரு சொல்கூட விடாமல். "மாடு கீழ்க்காட்டுக்குப் போயிருச்சு. பாதையில ஒண்ணுமில்லை. மேல் லைன்காரங்க எறங்கலாம்."

யாரும் இறங்கவில்லை. பெண்கள் கதவருகே ஒருத்திக்கு ஒருத்தி காத்து நின்றார்கள். கையில் தகர டப்பாக்கள் இருந்தன. மருதாசலம் குழாயைக் கைகாட்டினார். ஆயம்மாள் மெதுவாக, "இருக்கட்டுங்க. கொழாயும் பேசட்டும். நாங்களும் தட்டிக்கறோம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

காரியத்துக்கு வேண்டியதை வாங்க அவரும் கீழே போக வேண்டியிருந்தது. வீட்டுக்குள் கதவின் பின்னால் ஆணியில் ஒரு பால்பவுடர் டப்பா தொங்கியது. கம்பி கோத்து, தட்டுவதற்கு ஒரு மரக்குச்சி கட்டியிருந்தது. கம்பியில் லேசாகத் துரு ஏற ஆரம்பித்திருந்தது. அவர் அதை எடுத்ததை ஏழுமலை பார்த்தார். தடுக்கவில்லை.

பெண்களுக்குப் பின்னால், கடைசி ஆளாக, மருதாசலம் இறங்கினார். திருப்பம் வந்தது. அங்கே ஒரு பக்கத்துத் தேயிலைச் செடிகள் நசுங்கியிருந்தன, யாரோ சாம்பல் தூவியிருந்தார்கள். தலைக்குப் பின்னால் அவருடைய ஸ்பீக்கர், பாதையில் ஒன்றுமில்லை, பாதையில் ஒன்றுமில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் தட்டிக்கொண்டே நடந்தார்கள். அவரும் தட்டினார்.